திருச்சி பஸ்ஸில் இரண்டு இடம்

போன வாரம் மருமகள் சென்னைக்குப் போக டிக்கெட் போட்டாள். அதற்காகப் பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் போகவில்லை. சோபாவில் சாய்ந்தபடியே செல்போனில் பஸ்ஸின் உள்பக்கத்தைத் திறந்து காட்டினாள். கட்டம் கட்டமாகப் படுக்கைகள். ஜன்னல் ஓரம் காலியாக இருந்த ஒரு கட்டத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். இடம் பிடித்தாகிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ன அத்தை சிரிக்கீங்க?" என்றாள். சொன்னால் அவளுக்குப் புரியாது. உங்களுக்குப் புரியும். ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலில் துண்டை எறிந்துவிட்டு, துண்டுக்குப் பின்னாலேயே ஓடியவர்கள்தானே நாமெல்லாம்.

நான் ஒரு காலத்தில் ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் பேர்போன இடம் பிடிக்கிறவள். தற்பெருமை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது இரண்டு முட்டியும் மக்கர் பண்ணுகிறது, பேருந்தின் முதல் படியில் ஏறுவதற்கே ஒரு ஆள் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. பத்து வயதில் ஜன்னலுக்குள் அணில் மாதிரி பாய்ந்தேன் என்று சொல்லிக்கொள்வதில் யாருக்கு என்ன நஷ்டம்?

என் அம்மா டீச்சர். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அவளுக்கு அரசாங்க வேலை வந்தது. வேலை கிடைத்த இடம் அரியலூர் தாண்டி ஒரு கிராமம். அப்பாவுக்கு ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை. இரண்டு பேரில் ஒருவர் வேலையை விட்டால்தான் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம். விடுகிற நிலைமையில் இருவருமே இல்லை. அப்பாவின் அக்கா, என் அத்தை, புருஷனை இழந்து எங்களோடுதான் இருந்தாள். பிள்ளையை அத்தை பார்த்துக்கொள்வாள், அம்மா மாசத்துக்கு ஒரு தரம் வந்து போவாள் என்று முடிவாயிற்று. அப்படியே இரண்டு வருஷம் போய், நான் ஐந்தாம் வகுப்புக்கு வந்த வருஷத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

சனிக்கிழமை விடியும்போது அம்மா வந்து இறங்குவாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திருச்சி பஸ்ஸில் திரும்பிப் போவாள். திருச்சியில் இறங்கி வேறு பஸ் மாறி, திங்கட்கிழமை மணி அடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். அதனால் அந்தத் திருச்சி பஸ்ஸில் இடம் கிடைப்பது எங்கள் வீட்டில் சாமானியமான விஷயம் இல்லை. முன்பதிவெல்லாம் கிடையாது. டிப்போவிலிருந்து காலி பஸ் திரும்பி உள்ளே வரும்போதே கூட்டம் பக்கவாட்டில் ஓடும். துண்டு, கர்ச்சீப், குடை, தினசரிப் பேப்பர் எல்லாம் ஜன்னல் வழியாகப் பறக்கும். எது எந்த சீட்டில் விழுகிறதோ அது அவருடைய இடம். யார் சட்டம் போட்டார்களோ, எல்லோரும் மதித்தார்கள்.

அப்பா துண்டை நம்பவில்லை. என்னைத்தான் நம்பினார். பஸ் நிற்பதற்குள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கி, ஜன்னலின் குறுக்குக் கம்பிக்கு மேலே விடுவார். தலை நுழைந்தால் போதும், உடம்பு தானாக நுழைந்துவிடும். இடது பக்கம், மூன்றாவது வரிசை, ஜன்னல் ஓரம். சக்கரத்துக்கு மேலே உட்கார்ந்தால் அம்மாவுக்கு முதுகு நோகும். டீசல் வாடை ஆகாது, அதற்காகக் கையில் ஒரு எலுமிச்சம்பழம் வைத்து வழியெல்லாம் முகர்ந்துகொண்டே போவாள். எனக்கு இதெல்லாம் பாடம்.

ஒரு தடவை வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் தன் துண்டைக் காட்டிச் சண்டைக்கு வந்தார். "இது நான் போட்ட துண்டு, எந்திரி பாப்பா" என்றார். அப்பா வெளியே நின்றபடி ஜன்னலில் முகத்தை வைத்து, "அண்ணாச்சி, நீங்க துண்டுதான் போட்டிருக்கீக. நான் புள்ளையவே போட்டிருக்கேன்லா" என்றார். பஸ்ஸே சிரித்தது. வேட்டிக்காரரும் சிரித்துவிட்டுப் பின்னால் போனார். மில்லில் பேச்சே காணாத அப்பாவுக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டில் மட்டும் எங்கிருந்தோ நாக்கு வந்துவிடும்.

பிறகு அம்மா பையோடு ஏறி வருவாள். நான் எழுந்து இடத்தைக் கொடுப்பேன். உட்கார்ந்ததும், "இடத்தைச் சூடு பண்ணி வச்சிருக்கியாக்கும்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் கம்பியில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு பாய்ந்தேன். அம்மா என்னை விட்டுப் போவதற்கு இடம் பிடித்துக் கொடுக்கிறவளே நான்தான் என்பது அப்போது உறைக்கவில்லை. உறைத்திருந்தால் ஒரு தடவையாவது தவறவிட்டிருப்பேன்.

அவள் வருகிற சனிக்கிழமையைச் சொல்கிறேன். அப்பாவுக்கு ராத்திரி ஷிப்டு என்றால், மில்லிலிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவார். அவர் புருவத்தில் பஞ்சு ஒட்டியிருக்கும். அம்மாவின் சேலை ஓரத்தில் வெள்ளைத் தூசு இருக்கும், அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் லாரிகளின் தூசு. இரண்டு பேரும் மாவு மில்லிலிருந்து வருகிறவர்கள் போலத் தெருவில் நடந்து வருவார்கள். தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டு அக்கா கோலத்திலிருந்து நிமிர்ந்து, "எப்புடு ஒச்சினாவு?" என்று கேட்பாள். "இப்பத்தாங்க்கா வாரேன்" என்று அம்மா சொல்வது எனக்கு வாசலிலேயே கேட்கும். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள மாட்டேன். கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவளாக வந்து என் தலையில் கை வைத்து, "பேன் கெடக்காட்டி?" என்று கேட்க வேண்டும். அப்போது டீசலும் எலுமிச்சையும் சுண்ணாம்பும் கலந்த வாடை ஒன்று வரும். இன்றைக்கும் எந்தப் பஸ்ஸிலாவது யாராவது எலுமிச்சம்பழத்தைக் கீறினால் நான் திரும்பிப் பார்க்கிறேன்.

குளித்து, இரண்டு இட்லி சாப்பிட்டு, "செத்த நேரம் கண்ணசந்துட்டு எந்திரிக்கேன்" என்று படுப்பாள். மத்தியானம் வரை எழுந்திருக்க மாட்டாள். வருவதே ஒன்றரை நாளைக்கு. அதில் அரை நாள் தூக்கத்தில் போய்விடும். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மணிக்கட்டில் வாட்ச் பட்டையின் தடம் சிவப்பாகப் பதிந்திருக்கும், அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பேன். ஈ வந்தால் விசிறுவேன். தெருவில் பாத்திரக்காரன் கத்தினால் ஓடிப்போய், அம்மா தூங்குகிறாள், அந்தப் பக்கம் போய்க் கத்துங்கள் என்று சொல்லிவிட்டு வருவேன். அத்தை எட்டிப் பார்த்து, "நல்ல புள்ளை. அம்மாவைப் போட்டு நச்சரிக்கவே மாட்டா" என்பாள். பாராட்டாகத்தான் சொன்னாள். நான் நச்சரிக்காமல் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை அத்தை ஒரு நாளும் பார்க்கவில்லை.

எழுந்ததும் பையைத் திறந்து பேப்பர் பொட்டலம் ஒன்று கொடுப்பாள். ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரிப்பருப்பு. அதோடு அவள் வந்த பஸ்களின் டிக்கெட்டுகளையும் கொடுப்பாள். மெலிதான தாளில், கண்டக்டர் கிழித்த ஓரத்தோடு. நான் அவற்றைத் தேதி வாரியாக ஒரு பவுடர் டப்பாவில் அடுக்கி வைத்தேன். முந்திரியை அன்றைக்கே தின்றுவிடுவேன். டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்ப்பது மீதி இருபத்தெட்டு நாளைக்கு. பிறகு வீடு மாறியபோது அந்த டப்பா எங்கே போயிற்றோ தெரியவில்லை. யாராவது பவுடர் தீர்ந்துவிட்டது என்று எறிந்திருப்பார்கள். எறிந்தவர்கள் மேல் இன்னும் எனக்குக் கோபம் இருக்கிறது.

இனி அழுகை விஷயத்துக்கு வருகிறேன். முதல் வருஷம் நான் அழுதேன். பஸ் நகரும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரே பார்க்க ஓலமிட்டேன். அன்றைக்கென்று பார்த்து அந்த பஸ் டி. கல்லுப்பட்டியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. அம்மாவுக்குத் திருச்சியில் பஸ் தவறி, திங்கட்கிழமை மத்தியானம்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்திருக்கிறாள். பெரிய டீச்சர் காரணம் கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டார்கள். அடுத்த மாதம் அம்மா வந்து இதைச் சொன்னபோது அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"வெளியூர் கெளம்புறவகளைப் பாத்து அழக் கூடாதுட்டி. போற வழிக்கு ஆகாது. நீ அழுத அழுகைதான் டயருக்குள்ள போயி வெடிச்சிருக்கு. இந்த மட்டுக்கும் போச்சேன்னு நெனைச்சுக்கோ. டயரோட போயிருச்சு."

அத்தை கெட்டவள் இல்லை. நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதுதான். போகிறவர்களை எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, போறேன் என்று சொல்லக் கூடாது, கண்ணீர் விடக் கூடாது. பெரியவர்கள் இதைச் சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். எனக்கு மறக்கவில்லை. "டயரோட போயிருச்சு" என்ற வார்த்தையை வைத்து நான் எத்தனையோ ராத்திரி யோசித்தேன். அடுத்த தடவை டயரோடு போகாவிட்டால்?

அன்றிலிருந்து அழவில்லை. அழாமல் இருப்பதும் ஒரு வேலைதான், பழகினால் வந்துவிடும். கன்னத்தை உள்பக்கமாகக் கடித்துக்கொள்ள வேண்டும். எதிரே உள்ள கடை போர்டைப் பின்னாலிருந்து எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். அதற்கும் மேலே முட்டிக்கொண்டு வந்தால் பல்லைக் காட்டிச் சிரித்துவிட வேண்டும். சிரிக்கிறபோது கண்ணில் தண்ணீர் வந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். நான் சிரித்துக்கொண்டே டாட்டா காட்டுகிறவளாக ஆனேன். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற அம்மாகூட, "இது கல்லுளிமங்கிப் புள்ளை" என்றாள்.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த மே மாத விடுமுறைக்கு அம்மா ஒரு மாதம் முழுவதும் வீட்டில் இருந்தாள். ஒரு மாதம்! எனக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் கண்ணைத் திறந்தால் அம்மா இருக்கிறாள், மூடித் திறந்தாலும் இருக்கிறாள். மாம்பழத்தை அரிவாள்மணையில் சீவி, கொட்டையை எனக்குக் கொடுத்தாள். பழைய சேலையில் எனக்கு இரண்டு பாவாடை தைத்தாள், வளர்கிற பிள்ளை என்று நீளம் விட்டு மடித்துத் தைத்தாள். ஒரு நாள் என்னைச் சுவரோரம் நிற்க வைத்து உயரம் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தப் பென்சில் கோட்டையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

அந்த மாதம் பெரியவர்களுக்குள் ஒரு பேச்சு நடந்திருக்கிறது. எனக்கு இது எப்போது தெரிந்தது தெரியுமா? பதினாறு வருஷம் கழித்து, எனக்குத் தலைப்பிரசவம் ஆகிப் படுத்திருந்தபோது. அத்தை சுக்கு இடித்துக்கொண்டே, சும்மா பேச்சுவாக்கில் சொன்னாள்.

"உங்கம்மா அந்த வருசம் உன்னையக் கூட்டிட்டே போயிரணும்னு நின்னா. பள்ளிக்கூடத்துப் பக்கத்துலயே வீடு பாத்துட்டா. பெரிய டீச்சர்கிட்ட இடமும் கேட்டு வச்சுட்டா. உங்கப்பா என்ன சொன்னாருன்னா, புள்ளைகிட்டப் போயி வாரியா வாரியான்னு கேட்டு அதைக் கொழப்பாத, கெளம்பும்போது அவளா வாரேன்னு நின்னா கூட்டிட்டுப் போ, இழுத்துட்டுப் போகாதேன்னாரு. உங்கம்மாவும் சரின்னுட்டா. நாந்தான் சொன்னேன், அவளுக்கு அம்மாகிட்ட ஒட்டுதலே கெடையாது, இந்த ஒரு வருசமா எம்புட்டு தடவை கெளம்பியிருக்கே, ஒரு சொட்டுத் தண்ணி விட்டிருக்காளா பாருன்னு."

"நீதானே அத்தை அழக் கூடாதுன்னு சொன்னே?"

அத்தை உலக்கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் எப்பட்டி சொன்னேன்?" என்றாள். பொய் சொல்லவில்லை. அவளுக்கு நிஜமாகவே நினைவில்லை.

ஆக, அந்த வருஷம் அம்மாவும் அப்பாவும் நான் அழுவதற்காகக் காத்திருந்தார்கள். நான் ஒருத்திதான் அது தெரியாமல், அம்மா பத்திரமாகப் போய்ச் சேர வேண்டுமே என்று அழாமல் இருந்தேன். நானும் வருகிறேன் என்று ஏன் ஒரு சாதாரண நாளில் வாய்விட்டுக் கேட்கவில்லை என்று நீங்கள் கேட்கலாம். நம் காலத்தில் யார் எதை வாய்விட்டுக் கேட்டோம்? கேட்டால் அத்தைக்கு மனசு வருத்தமாகும். அம்மாவாகக் கூப்பிட்டால்தானே மரியாதை. அந்த மே மாதத்தில் ஒவ்வொரு ராத்திரியும் நாளைக்குக் கேட்கலாம் என்று படுத்தேன். நாளைகள் தீர்ந்துபோயின.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மாவின் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். மடவார் வளாகம் கோயிலில் தாலி கட்டு, பக்கத்துத் தெருவில் சாப்பாடு. எல்லோரும் போனோம். அம்மா பையை எடுத்துக்கொண்டே வந்துவிட்டாள். அங்கிருந்தே பஸ் ஏறுவதாக ஏற்பாடு. அன்று அவள் கையில் வழக்கத்தைவிட ஒரு பை கூடுதலாக இருந்தது. அதற்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. என் பாவாடைகளாகத்தான் இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. இப்போது தோன்றி என்ன செய்ய?

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். செண்பகத்தோப்புப் பக்கம் மலையில் மேகம் இறங்கி, காற்று ஈரமாக இருந்தது. பால்கோவாக் கடைகளிலிருந்து பால் சுண்டுகிற வாசனை. ஸ்ரீவில்லிபுத்தூரில் திருச்சி பஸ் பிடிப்பது ராஜபாளையத்தில் பிடிப்பது மாதிரி இல்லை. ராஜபாளையத்திலேயே நிறைந்துதான் வரும். இங்கே யாராவது இறங்கினால் உண்டு. அம்மா என் பக்கம் குனிந்தாள்.

"இன்னைக்கு ரெண்டு எடம் பிடிக்கணும். முடியுமாட்டி?"

ரெண்டாவது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கிற டீச்சர் யாராவது வருவார்கள் என்று நினைத்தேன். "முடியும்" என்றேன்.

பஸ் உள்ளே திரும்பியது. அப்பா தூக்கினார். என் வாழ்க்கையில் அந்த மாதிரி நான் பாய்ந்ததில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு புருஷன் பெண்டாட்டி எழுந்து கொண்டிருந்தார்கள். அவர்கள் முழுக்க எழுவதற்குள் நான் அந்த இரண்டு பேர் சீட்டில் நீட்டி நிமிர்ந்து படுத்தேவிட்டேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஏட்டி, இது என்ன உங்க வீட்டுக் கட்டிலா?"

"எங்க அம்மா வாராக" என்றேன், எழுந்திருக்காமல்.

அம்மா வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் எழுந்தேன். "நீயும் செத்த உக்காரு" என்று என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். அந்த பஸ்ஸில் அம்மா பக்கத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வழக்கமாக நான் எழுந்தால்தான் அவள் உட்காருவாள். சீட்டின் ரெக்சினில் ஒரு கிழிசல், அதிலிருந்து தேங்காய் நார் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நான் அதைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கை என் கை மேலேயே இருந்தது, வேர்த்திருந்தது.

"அம்மா கெளம்பட்டா?" என்றாள்.

"ம்."

"வேற ஒண்ணும் சொல்லணுமாட்டி அம்மாகிட்ட?"

சொல்ல வேண்டும். சொல்வதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வாயைத் திறந்தால் வார்த்தைக்கு முன்னால் அழுகைதான் வரும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. அழுதால் டி. கல்லுப்பட்டி. டிரைவர் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினார். நான் கன்னத்தைக் கடித்தேன். எதிரே கடை போர்டு தெரியவில்லை, எல்லாம் கலங்கலாக இருந்தது. கடைசி ஆயுதத்தை எடுத்தேன். இருக்கிற பல்லையெல்லாம் காட்டிச் சிரித்தேன்.

"நல்லபடியாப் போயிட்டு வாம்மா."

சொல்லிவிட்டு, வந்த ஜன்னல் வழியாகவே அப்பாவின் கைகளுக்குள் குதித்துவிட்டேன். "பாத்தியா, எம்புட்டுத் தைரியம்" என்றாள் அத்தை. என்னைக் கீழே இறக்கி விட அப்பாவுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. பஸ் நகர்ந்தது. அம்மா கை காட்டவில்லை. ஜன்னலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டு போனாள். அந்த முகத்தை எனக்கு அன்று படிக்கத் தெரியவில்லை.

அன்று ராத்திரி கல்யாண வீட்டிலேயே தங்கினோம். நான் பாயில் படுத்துக்கொண்டு மனசுக்குள் பஸ்ஸை ஓட்டினேன். கிருஷ்ணன்கோவில் தாண்டியது. கல்லுப்பட்டி தாண்டியது. திருமங்கலம். மதுரை. பஸ் திருச்சி போய்ச் சேர்ந்துவிட்டால் பிறகு அழுவதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுவரை முழித்திருந்து, அதற்கப்புறம் ஆசை தீர அழ வேண்டும் என்பதுதான் என் திட்டம். மேலூர் வரைக்கும் நினைவிருக்கிறது. பிறகு தூங்கிப்போனேன். காலையில் எழுந்து, யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, அழலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. உள்ளே இலை போட்டுவிட்டார்கள், சாப்பிட வா என்று அப்பா கூப்பிட்டார். போய்ச் சாப்பிட்டேன்.

ஜூன் மாதம் நான் ராஜபாளையத்திலேயே ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். அம்மா மாசத்துக்கு ஒரு தரம் வந்தாள். இடம் பிடித்தேன், எழுந்தேன், இறங்கினேன். பதிமூன்று வயதில் உடம்பு ஜன்னலுக்குள் நுழைய மறுத்தது. அதன் பிறகு அப்பா துண்டு போட ஆரம்பித்தார். நான் கல்லூரி முதல் வருஷம் சேர்ந்தபோதுதான் அம்மாவுக்கு இந்தப் பக்கம் மாறுதல் கிடைத்தது. கடைசியில் ஒரே வீடு. ஆனால் அதற்குள் எனக்குத் தலை பின்னிக்கொள்ளத் தெரிந்துவிட்டது. "பின்னி விடட்டா?" என்று அம்மா கேட்பாள். "இருக்கட்டும்மா, நானே போட்டுக்கிடுதேன்" என்பேன். கேட்கிறபோதே அவளுக்குக் கூச்சம், சொல்கிறபோது எனக்குக் கூச்சம். விருந்தாளிகள் போல ஒருவருக்கொருவர் மரியாதையாக இருந்தோம். எனக்கு அந்த ஒன்பது வருஷம் வேண்டும். பேரப்பிள்ளை எடுத்தவள் பேசுகிற பேச்சா என்று கேட்காதீர்கள். வேண்டும்.

அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். போவதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு மத்தியானம், கட்டிலில் படுத்திருந்தவள், பேச்சோடு பேச்சாக அந்தத் திருச்சி பஸ்ஸை எடுத்தாள். அத்தையும் இல்லை, அப்பாவும் இல்லை, இனிமேல் சொன்னால் என்ன என்று நினைத்திருப்பாள். நான் அவள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ குதிச்சிட்டியா, பஸ்ஸு கெளம்பிருச்சு. கண்டக்டர் வந்து எங்கேன்னாரு. திருச்சிக்கு ஒண்ணரைன்னுட்டேன். காலையிலருந்தே மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்கிட்டே இருந்தேனா, வாய் தன்னால சொல்லிருச்சு. அவரும் கிழிச்சுக் குடுத்துட்டாரு. பொறவு சுத்திப் பாத்துட்டு, அரை டிக்கெட் எங்கம்மான்னாரு."

"நீ என்னம்மா சொன்னே?"

"வருதுன்னேன்."

நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

"நின்னுக்கிட்டு வந்தவகள்லாம் ஏசினாக. பையை எடும்மா, நாங்க உக்காரணும்னாக. ஆளு இருக்குன்னு சொல்லிட்டேன். திருச்சி வரைக்கும் ஒருத்தரையும் உக்கார விடலை. உனக்குன்னு எடுத்த எடம்லா."

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளே சொன்னாள்.

"ஆனா நீ சிரிச்சிக்கிட்டே போனே பாத்தியா, அதுதான் எனக்குத் தெம்பு. எம்புள்ளை அங்கன சந்தோசமாத்தான் இருக்கு, நாம போட்டு வதைக்கக் கூடாதுன்னு நெனைச்சுக்குவேன். அந்த மொகத்தை நெனைச்சுக்கிட்டேதான் அம்புட்டு வருசத்தையும் ஓட்டுனேன்." என் கையைத் தேடிப் பிடித்தாள். எலும்பும் தோலுமான கை. "நீ சந்தோசமாத்தானேட்டி இருந்தே?"

அத்தை சொன்னது, டயர், கன்னத்தைக் கடித்தது, மேலூர் வரை முழித்திருந்தது, நானும் வாரேம்மா என்ற இரண்டே வார்த்தை, எல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. சொல்லியிருந்தால் என் பாரம் இறங்கியிருக்கும். அம்மாவுக்கு எண்பத்தைந்து வயது. அவளிடம் இருந்த ஒரே தெம்பு அந்தச் சிரிப்பு.

"ஆமாம்மா. சந்தோசமாத்தான் இருந்தேன்" என்றேன்.

"அம்புட்டுத்தான் எனக்கு வேணும்" என்றாள். கையை விட்டுவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பி, செத்த நேரத்தில் தூங்கிப்போனாள்.